ஊருக்கு டாக்டர், சட்டத்துக்கு இல்லை

வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். பட்டத்தோடு திரும்பி, எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் தோற்று நிற்கும் பிள்ளைகளைப் பற்றி டெல்டா வீடுகள் வெளியே பேசுவதில்லை.

2025 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் போகி. டெல்டாவில் சம்பா வயலுக்கு அறுவடை மிஷின் இறங்கத் தொடங்கியிருந்த நேரம். கடைத்தெருவில் கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்தும் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அன்றைக்கு நாடு முழுவதும் 44,000-க்கும் மேற்பட்டவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து 300 கேள்விகளுக்கு விடை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் வெளிநாட்டில் மருத்துவம் படித்து முடித்தவர்கள். ஒரு வாரத்தில், 19ஆம் தேதி முடிவு வந்தது. தேறியவர்கள் நூற்றுக்கு முப்பதைத் தொடவில்லை.

அதுவே நல்ல முடிவு என்று பேசிக்கொண்டார்கள். 2023 ஜூன் பருவத்தில் 24,269 பேர் எழுதி 2,474 பேர்தான் தேறினார்கள்; பத்துக்கு ஒருவர். 2024 ஜூன் பருவத்தில் ஐந்துக்கு ஒருவர். 2025 ஜூலை 26-இல் நடந்த தேர்வில் 18.6 சதவீதம்.

இந்தத் தேர்வின் அரசாங்கப் பெயர் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகள் தேர்வு. சுருக்கமாக எஃப்.எம்.ஜி.இ.; எழுதுகிறவர்கள் வாயில் ‘ஸ்க்ரீனிங்’. ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். நடத்துவது டெல்லியில் இருக்கும் தேசியத் தேர்வு வாரியம். காலையில் 150 கேள்வி, மதியம் 150 கேள்வி. தவறான விடைக்கு மதிப்பெண் பிடிக்கமாட்டார்கள். 150 எடுத்தால் பாஸ், 149 என்றால் ஃபெயில். பாஸ் செய்தால்தான் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவு கிடைக்கும். அந்தப் பதிவு இருந்தால்தான் ஹவுஸ் சர்ஜனாக ஓராண்டு பயிற்சி. அதை முடித்தால்தான் நிரந்தரப் பதிவு, பி.ஜி. நீட், அரசு வேலை எல்லாம். அதுவரைக்கும் கையில் இருப்பது ஒரு பட்டம் மட்டுமே. அதை வைத்துக்கொண்டு சட்டப்படி ஒரு பாராசிட்டமால் சீட்டுகூட எழுதமுடியாது.

ஊர் இதையெல்லாம் பார்ப்பதில்லை. பிள்ளை விமானம் ஏறிய அன்றே ஊர் அவனை டாக்டர் ஆக்கிவிட்டது. ‘மருத்துவம் பயில வெளிநாடு செல்லும்’ என்று தொடங்கும் ஃப்ளெக்ஸ் பேனர் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருக்கும். அதில் மாமன், சித்தப்பா, ஒன்றியக் கவுன்சிலர் என எல்லார் படமும் இருந்திருக்கும். ஆறு வருடம் கழித்துத் திரும்பி வந்தவனிடம் மறுநாள் காலையிலேயே எதிர்வீட்டுப் பாட்டி சர்க்கரை ரிப்போர்ட்டைக் கொண்டு வந்து நீட்டுவாள். பக்கத்துத் தெருக்காரர் ஸ்கேன் கவரோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பேனரைப் பார்த்த கண்களுக்கு ஸ்க்ரீனிங் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதனால் முதல் தோல்வியை மறைப்பது கஷ்டமில்லை. “டெல்லியிலேர்ந்து சர்ட்டிபிகேட் வரணும்” என்று சொன்னால் போதும். தேறியவர்கள் நேரில் டெல்லிக்குப் போய் முகத்தைக் காட்டித்தான் அந்தச் சான்றிதழை வாங்கவேண்டும் என்பது திண்ணையில் யாருக்குத் தெரியும்?

இரண்டாவது தோல்விக்குப் பிறகு சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. அப்போதுதான் வீட்டுக்கு வருகிற போனுக்கு அம்மா ஒருத்தி மட்டும் பதில் சொல்லத் தொடங்குவாள். பெண் பிள்ளையாக இருந்தால் இதோடு ஜாதகப் பேச்சும் சேர்ந்துகொள்ளும். ‘டாக்டர் பொண்ணு’ என்று வந்த வரன், பதிவு எண் கேட்டதும் திரும்பிப் போகும்.

பத்தில் எட்டுப் பேர் தோற்கிற ஒரு தேர்வில் தோற்றவனை மட்டும் தனியாகப் பிடித்து வெட்கப்பட வைக்கிறோம் என்பதுதான் இந்த விஷயத்தில் என்னை உறுத்துவது. ஒரு வகுப்பில் பத்தில் எட்டுப் பேர் ஃபெயிலானால் வாத்தியாரைக் கேட்போம், பாடத்திட்டத்தைக் கேட்போம், அந்தப் பள்ளியில் சேர்த்துவிட்டவரைக் கேட்போம். இங்கே அந்த மூவரும் வேறு வேறு நாட்டில், வேறு வேறு அலுவலகத்தில் இருப்பதால் கேள்வி பிள்ளைமேலேயே தங்கிவிடுகிறது.

நெல்லில் எழும்பிய கல்லூரி

தஞ்சாவூர்க்காரர்கள் ‘மெடிக்கல்’ என்று மட்டும் சொல்லும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959-இல் தொடங்கியது. அன்றைய மாவட்ட ஆட்சியர் டி.கே.பழனியப்பன் முன்னின்று பணம் திரட்ட, நெல் விற்ற காசிலிருந்து விவசாயிகள் கொடுத்த நன்கொடைதான் அதற்கு முதல் என்பதைப் பெரியவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அதற்கும் முன்னால், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், மிராசுதார்கள் பணம் போட்டு எழுப்பியது ராசா மிராசுதார் மருத்துவமனை. வைத்தியத்துக்கு நெல்லைக் கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

இப்போது கணக்கு வேறு. வெளிநாட்டில் ஆறு வருடப் படிப்புக்கு நாட்டைப் பொறுத்து 20 லட்சத்திலிருந்து 40 லட்சம்வரை ஆகும் என்பது பொதுவான மதிப்பு. குறைந்த பக்கமாகவே 25 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2024-25 பருவத்தில் தமிழக அரசின் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரக நெல் குவிண்டால் 2,450 ரூபாய். அப்படியானால் 25 லட்சம் என்பது 1,020 குவிண்டால். நாற்பது கிலோ மூட்டையில் 2,550 மூட்டை. ஏக்கருக்கு ஐம்பது மூட்டை கண்டால் 51 ஏக்கர் மகசூல். இதில் உழவு, நாற்று, உரம், ஆள் கூலி, மிஷின் வாடகை எதையும் கழிக்கவில்லை. ஐந்து மா, பத்து மா வைத்திருப்பவர் வாழ்நாள் முழுக்கச் சாகுபடி செய்தாலும் எட்டாத தொகை இது. ஆகவே நெல்லை விற்பதில்லை; நிலத்தை விற்கிறார்கள். அல்லது நிலப் பத்திரத்தை வங்கியில் வைக்கிறார்கள். கல்விக் கடனுக்குப் படிப்பு முடிந்து ஓராண்டுவரை தவணை கேட்கமாட்டார்கள் என்பது வழக்கமான விதி. அந்த ஓராண்டுக்குள் ஸ்க்ரீனிங் இரண்டு முறை வந்துபோகும். இரண்டிலும் தவறினால் டாக்டர் பதிவுக்கு முன்னால் வங்கி நோட்டீஸ் வந்துவிடும்.

உள்ளூரில் படிக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: 2024 நீட் தேர்வை 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். ‘தகுதி’ பெற்றவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஏறத்தாழ 1.1 லட்சம். மிச்சமுள்ள 12 லட்சம் பேரும் கையில் தகுதிச் சீட்டோடு நிற்கிறார்கள். தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 13 லட்சத்துக்கு மேல், நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் 20 லட்சத்துக்கு மேல். 2018-இலிருந்து வெளிநாட்டுக்குப் போகவும் நீட் தகுதி வேண்டும். பொதுப் பிரிவுக்கு 50ஆம் பர்சன்டைல், இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 40 என்ற வரம்பைத் தாண்டினால் அந்தத் தகுதி கிடைத்துவிடும். ஏஜென்டுக்கு அது போதும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரமே தஞ்சாவூர், கும்பகோணம் ஹோட்டல் ஹால்களில் ‘வெளிநாட்டு மருத்துவக் கல்வி வழிகாட்டி’ நடக்கும். டீ, பிஸ்கட், பெரிய திரையில் பனி மூடிய கல்லூரிக் கட்டடம். விடுதியில் தமிழ்நாட்டுச் சாப்பாடு உண்டு என்று ஏஜென்ட் இரண்டு முறை சொல்வார். ஸ்க்ரீனிங் தேர்ச்சி விகிதத்தை அவராகச் சொல்லமாட்டார். யாராவது எழுந்து கேட்டால், “அதுக்கும் நாங்களே கோச்சிங் குடுக்கிறோம் சார்” என்பார்.

கட்டுவிரியன் இல்லாத ஊரில்

தோல்விக்குக் காரணம் பிள்ளைகளின் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். சிலர் விஷயத்தில் அது உண்மையும்கூட. ஆறு வருடம் ஒரே விடுதியில் ஒரே ஊர்க்காரர்களோடு இருந்து, அந்த நாட்டு மொழியில் காய்கறி வாங்கத் தெரிந்ததோடு நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. ஆனால், அந்த விடுதியை அப்படி அமைத்துக் கொடுத்தது யார்?

மருத்துவத்தில் பாதிப் படிப்பு நோயாளியின் வாயில் இருக்கிறது. எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, சாப்பிட்டதும் கூடுகிறதா குறைகிறதா என்று கேட்டுக் கேட்டுத்தான் மாணவன் கற்கிறான். பல நாடுகளில் முதல் இரண்டு, மூன்று ஆண்டு வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். வார்டுக்குள் போனதும் நோயாளி பேசுவது ரஷ்ய மொழியோ சீன மொழியோதான். பேராசிரியர் நோயாளியிடம் பேசுவார், மாணவர் கூட்டம் சுற்றி நிற்கும், ஒருவர் மொழிபெயர்ப்பார். மாணவன் வார்டில் இருந்த நாள்களுக்குக் கணக்கு இருக்கும். நோயாளியிடம் கேட்ட கேள்விகளுக்கு இருக்காது.

அடுத்தது நோய். தேர்வின் 300 மதிப்பெண்ணில் சமூக மருத்துவத்துக்கு மட்டும் 30. இந்தியத் தடுப்பூசி அட்டவணை, காசநோய்த் திட்டம், யானைக்கால் ஒழிப்பு, மலேரியா, தாய் சேய் நலம் எல்லாம் அதில் வரும். கும்பகோணத்தில் பிறந்தவனுக்கு யானைக்கால் நோயைப் புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டிய அவசியம் ஒரு காலத்தில் இருந்ததில்லை. ஆனால், அவன் மருத்துவம் படித்த ஊரில் அந்தக் கொசுக் கதையே கிடையாது.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்டாவில் தரையில் பாய் விரித்துப் படுத்தவரை நள்ளிரவில் கட்டுவிரியன் தீண்டும். வலி பெரிதாக இருக்காது, பல் பட்ட தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுவார். கொஞ்ச நேரத்தில் இமை தானாகக் கீழே விழும், பேச்சு குழறும். இமை விழுவதைப் பார்த்ததும் பாம்பு என்று தோன்றாத டாக்டர் அல்சர் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார். கண்ணாடிவிரியன் வேறு மாதிரி. அறுப்பு வயலில், வரப்போரத்தில் கடிக்கும். கடிவாய் வீங்கும், ரத்தம் உறையாது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய மிஷின் ஒன்றும் வேண்டாம். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்கவேண்டும். ரத்தம் உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்தைத் தொடங்கலாம். மெடிக்கலில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கும் எவருக்கும் இது கைப்பழக்கம். பூச்சிமருந்து குடித்துவிட்டு வருகிறவரின் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருப்பதும், வாயில் நுரை தள்ளுவதும், அட்ரோபின் ஊசி போடப்போட அந்தக் கண்மணி விரிவதும் அதே மாதிரிப் பழக்கம். ஆறு மாதம் பனி பெய்யும் நகரத்தில் படித்தவனுக்கு இவை எல்லாம் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். தன் வீட்டுக் கொல்லையில் திரியும் பாம்பை அவன் மொபைல் செயலியில் மனப்பாடம் செய்கிறான்.

நான் இதை ஊகமாக மட்டும் சொல்லவில்லை. 2015-இலிருந்து 2018வரையிலான முடிவுகளை நாடுவாரியாகத் தேர்வு வாரியம் வெளியிட்டபோது, வங்கதேசத்தில் படித்தவர்கள் ஏறத்தாழ 27 சதவீதம் தேறியிருந்தார்கள். சீனாவில் படித்தவர்கள் 12 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே, ரஷ்யாவில் படித்தவர்கள் 13-ஐ ஒட்டி. வங்கதேசமும் நம்மைப் போல ஆற்றுப்படுகை, நெல் நாடு. அதே பாம்பு, அதே காய்ச்சல்கள், பாடப்புத்தகங்களும் ஏறத்தாழ அவையே. சேர்க்கையில் அவர்கள் கூடுதல் கண்டிப்பு என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். ஆனாலும் நோயாளி நம்மவர் மாதிரி இருக்கும் ஊரில் படித்தவனுக்கு நம் தேர்வு கொஞ்சம் பழகிய பாதை என்பதை அந்த எண்கள் மறைக்கவில்லை.

முன்பு கேட்காத கேள்வி

ஒரு காலத்தில் இந்தத் தேர்வே கிடையாது. 1960-இல் மாஸ்கோவில் தொடங்கிய மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் உதவித்தொகை கொடுத்து ஆசிய, ஆப்பிரிக்க மாணவர்களை அழைத்தது. ‘சோவியத் நாடு’ பத்திரிகை வந்துகொண்டிருந்த வீடுகளுக்கு மாஸ்கோ அந்நிய ஊராகத் தோன்றவில்லை. சோவியத் பட்டத்தோடு வந்தவர்கள் நேராகப் பதிவு செய்துகொண்டு வைத்தியம் பார்த்தார்கள். சோவியத் யூனியன் உடைந்த பிறகு உதவித்தொகை போய்க் கட்டணம் வந்தது, கட்டணத்தோடு ஏஜென்டும் வந்தார், சேர்க்கைக்கு அளவுகோல் என்று ஒன்று இல்லாமல் போனது. இந்திய மருத்துவ கவுன்சில் சட்டத்தைத் திருத்தி, 2002 மார்ச் 15-க்குப் பிறகு பதிவு கேட்பவர்கள் எல்லோரும் ஸ்க்ரீனிங் எழுதவேண்டும் என்றாக்கினார்கள். வழக்குகள் உச்ச நீதிமன்றம்வரை போயின, தேர்வு நிலைத்தது.

நிலைத்தது சரி என்பதுதான் என் கருத்து. மெடிக்கலில் படுத்திருக்கும் நோயாளிக்குத் தன்னைத் தொடுகிறவருக்கு வேலை தெரியுமா என்று கேட்கும் உரிமை உண்டு. பல் இல்லாத தேர்வு அவருக்கு ஆபத்து. என் சண்டை தேர்வு நிற்கும் இடத்தோடுதான். தலைமடையில் ஷட்டரை முழுக்கத் திறந்துவிட்டுக் கடைமடையில் வந்து அணை போட்டால் இடையில் உள்ள வயலெல்லாம் என்னாகும்? நீட் 13 லட்சம் பேருக்குத் ‘தகுதி’ என்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் எந்த வெளிநாட்டுக் கல்லூரிக்கும் தன் அங்கீகார முத்திரை இல்லை, பார்த்துச் சேருங்கள் என்று அறிவிப்பு ஒட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. வங்கி கடன் கொடுக்கிறது. ஏஜென்ட் கமிஷனை வாங்கிக்கொள்கிறார். அத்தனை பேரும் கையை விரித்து வழிவிட்ட பிறகு, ஆறு ஆண்டும் நிலமும் போன பின்னால், ஒரே ஒரு நாளில் ஒரே ஒரு தேர்வு ‘இல்லை’ என்கிறது.

அந்த ‘இல்லை’க்கு விளக்கமும் கிடையாது. கேள்வித்தாளை வெளியிடமாட்டார்கள், விடைக்குறிப்பும் வராது, மறுமதிப்பீடு இல்லை. 138 வாங்கியவனுக்கு அது 138 என்பதுதான் தெரியும். அறுவை சிகிச்சையில் விட்டானா, சமூக மருத்துவத்தில் விட்டானா என்பது தெரியாது. கோச்சிங் சென்டர்கள் 19 பாடத்தையும் மறுபடி முதலிலிருந்து நடத்தி மறுபடி கட்டணம் வாங்குவதற்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது கருணை மாதிரித் தெரியும். அமெரிக்காவில் உரிமத் தேர்வின் ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு முறைதான் வாய்ப்பு. இங்கே வரம்பில்லை என்பதால் முப்பது வயதைத் தாண்டியும் ‘இந்த முறை’ என்று புத்தகத்தைத் திறப்பவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று: பிரிட்டனின் தேர்வில் இரண்டாம் பகுதி முழுக்கச் செய்முறை, இலங்கையில் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான இ.ஆர்.பி.எம். தேர்விலும் நோயாளியைப் பார்த்துச் சொல்லும் பகுதி உண்டு. நம் ஸ்க்ரீனிங்கில் நோயாளியே கிடையாது. இமை விழுந்த முகத்தை நேரில் பார்த்தால் அடையாளம் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. ஆக, தேறியவனுக்கும் வேலை தெரியும் என்று இது உத்தரவாதம் தருவதில்லை. தோற்றவனுக்குத் தெரியாது என்றும் சொல்லிவிடமுடியாது.

இடைப்பட்ட காலம்

தோற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? சிலர் சென்னை, டெல்லி, கேரளம் என்று கோச்சிங் விடுதிகளில். சிலர் மெடிக்கல் கோடிங் கம்பெனியில், நோயின் பெயருக்கு எண் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் சிலர் ஏதாவது ஒரு தனியார் கிளினிக்கில் இரவுப் பணியில் இருக்கிறார்கள். வெளியே போர்டில் இருப்பது வேறொருவர் பெயர், மருந்துச் சீட்டிலும் அவர் பதிவு எண்தான். சம்பளம் கையில் கொடுப்பார்கள். ஊருக்கு இது தெரியும். யாரும் பேசுவதில்லை, அந்த இரவில் வேறு யாரும் கிடைக்கமாட்டார்கள் என்பதால். ஆனால் இது சின்னக் குற்றம் இல்லை. 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி பதிவில்லாமல் வைத்தியம் பார்த்தால் ஓராண்டுவரை சிறை, ஐந்து லட்சம்வரை அபராதம். ஏதாவது ஆகிவிட்டால் பெயர்ப்பலகைக்காரர் ஒதுங்கிக்கொள்வார், மாட்டுவது இந்தப் பிள்ளைதான். இதைவிட மோசமான வழிக்குப் போனவர்களும் உண்டு. ஸ்க்ரீனிங் பாஸ் செய்யாமலே மாநில மருத்துவ கவுன்சில்களில் பதிவு வாங்கிவிட்டார்கள் என்று 73 பேர்மீது, 14 மாநில கவுன்சில்களின் பெயரையும் சேர்த்து, சி.பி.ஐ. வழக்குப் போட்டு, 2022 டிசம்பர் 29-இல் 91 இடங்களில் சோதனை நடத்தியது.

தேறினால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. ஒரு கல்லூரி தன் அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேல் 7.5 சதவீதம் வெளிநாட்டுப் பட்டதாரிகளைத்தான் ஹவுஸ் சர்ஜனாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2022 மார்ச்சில் ஆணையம் விதித்தது. 150 இடம் உள்ள தஞ்சாவூர் மெடிக்கலுக்கு அது 11 பேர். 2010-இல் வந்த திருவாரூர் கல்லூரியில் 100 இடம், அங்கே ஏழு. 2022-இல் திறந்த நாகப்பட்டினத்தையும் சேர்த்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம். மயிலாடுதுறை மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரியே இல்லை. பாஸ் செய்தும் இடத்துக்கு வரிசையில் நின்றவர்களின் கதை தனி.

கொரோனாவும் போரும் வந்து இந்த வரிசையை இன்னும் குழப்பின. சீனாவில் படித்துக்கொண்டிருந்தவர்கள் கடைசிப் பகுதியை வீட்டிலிருந்து ஆன்லைனில் முடித்துப் பட்டம் வாங்கி, ஸ்க்ரீனிங்கும் தேறினார்கள். படுக்கையருகே பயிற்சி இல்லை என்று தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவு தர மறுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2022 ஏப்ரல் 29-இல் உச்ச நீதிமன்றம், நேரடிப் பயிற்சி இல்லாதவரை அப்படியே பதிவு செய்யச் சொல்லமுடியாது என்றது. கூடவே, இவர்களை அந்தரத்தில் விடாமல் இரண்டு மாதத்தில் வழி காணுமாறு ஆணையத்துக்கு உத்தரவிட்டது. ஜூலையில் வழி வந்தது: ஓராண்டுக்குப் பதில் இரண்டாண்டு பயிற்சி. அதே ஆண்டு பிப்ரவரி, மார்ச்சில் உக்ரைனிலிருந்து தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர்கள் ஏறத்தாழ 1,900 பேர். பெட்டிகூட இல்லாமல் பையோடு இறங்கிய பிள்ளைகளை விமான நிலையத்தில் மாலை போட்டு வரவேற்றோம். அதன் பிறகு அவர்களில் பலர் ஜார்ஜியா, ரஷ்யா என்று வேறு நாட்டுக் கல்லூரிக்கு மாறிப் போனது செய்தியாகவில்லை. இறுதியாண்டில் இருந்தவர்களுக்கு இங்கேயே எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வை ஒரே ஒரு முறை எழுதிப் பார்க்கும் வாய்ப்பு 2023 மார்ச் 28-இல்தான் உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது.

இப்போது போகிறவர்களுக்கு விதி இன்னும் இறுக்கம். 2021 நவம்பர் 18-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் படிப்பு குறைந்தது 54 மாதம்; ஆங்கில வழி; அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி; அது போக இங்கே 12 மாதம். அந்தப் பட்டத்தை வைத்து அந்த நாட்டிலேயே அந்த நாட்டுக்காரரைப் போல வைத்தியம் பார்க்க அனுமதி இருக்கவேண்டும். படிப்பை முடிக்கப் பத்தாண்டு வரம்பும் உண்டு. 54 மாதக் கணக்கில்தான் பிலிப்பைன்ஸ் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இடறினார்கள், அங்கே எம்.டி. படிப்பு நான்கு வருடம், அதாவது 48 மாதம். அதற்கு முன்னால் படிக்கும் பி.எஸ். படிப்பை இந்திய ஆணையம் சேர்த்துக்கொள்ளவில்லை. ஸ்க்ரீனிங்குக்குப் பதிலாக உள்நாட்டு, வெளிநாட்டு மாணவர் எல்லோருக்கும் பொதுவாக ‘நெக்ஸ்ட்’ என்று ஒரு தேர்வு வரும் என்று 2019 சட்டம் சொல்கிறது. உள்நாட்டு மாணவர்கள் எதிர்த்தார்கள். தேதி தள்ளிக்கொண்டே போகிறது.

ஒன்றிரண்டு காரியம் உடனே செய்யலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் மூன்றுக்கும் சேர்த்து ஸ்க்ரீனிங்கில் 51 மதிப்பெண். அதை மட்டும் தனியாகப் பிரித்து, இரண்டாம் ஆண்டு முடித்து விடுமுறையில் ஊருக்கு வரும்போதே எழுத வைக்கலாம். அங்கே தவறினால் நஷ்டம் இரண்டு வருடம், ஆறு இல்லை. அப்பாவிடம் விற்காத நிலம் இன்னும் கொஞ்சம் இருக்கும். நாடு மட்டுமல்ல, கல்லூரி வாரியாகவும் ஒவ்வொரு பருவத்தின் முடிவையும் தமிழில் ஒரே பக்கத்தில் வெளியிட்டு, நீட் ரிசல்ட் வாரத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பலகையில் ஒட்டலாம். ஹோட்டல் ஹாலுக்குள் நுழையும் முன் அப்பா அதைப் பார்த்துவிட்டுப் போவார். ஃபெயிலானவனுக்கு எந்தப் பாடத்தில் எத்தனை என்று சொல்லலாம். தேர்வு நடப்பதே கம்ப்யூட்டரில். ஒவ்வொருவரின் 300 விடையும் பாடவாரியாக வாரியத்திடம் ஏற்கெனவே இருக்கின்றன. அதை எடுத்துக் கொடுப்பதற்கு நாடாளுமன்றம் கூடவேண்டியதில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.